200 ரூபாய் பொம்மை காருக்கு 5 ஆயிரமா? ஆன்லைன் 'ரேர் பீஸ்' விலை... உஷார் மக்களே!

தாம்பரம்:

உள்ளங்கையில் அடங்கும் ஹாட் வீல்ஸ் பொம்மை கார், கடையில் அட்டையோடு 200 ரூபாய்க்குள் கிடைக்கும். அதே காருக்கு ஆன்லைனில் 'ரேர் பீஸ்' என்று பட்டம் கட்டி ஆயிரம், 5 ஆயிரம் என்று கூசாமல் விலை போடுகிறார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று எந்த ஏரியாவாக இருந்தாலும் பிள்ளைகள் செல்போனில் அதை காட்டி அடம்பிடித்தால், திண்டாடுவது தினக்கூலி வாங்கும் அப்பாதான்.

அந்த விலைக்கு நிஜமாகவே விற்கிறதா என்பதுதான் கேள்வி.

கேட்கிற விலை வேறு... படிகிற விலை வேறு!

கூடுவாஞ்சேரி பக்கம் மனை பார்க்க போனவர்களுக்கு இது புதுசு இல்லை. புரோக்கர் ஒரு விலை சொல்வார், கடைசியில் படிவது வேறு விலை. பொம்மை காரிலும் அதே கதைதான். விளம்பரம் போட பெரிதாக செலவு இல்லை. ஒருவர் 5 ஆயிரம் போட்டால், அதை பார்த்து அடுத்தவர் 6 ஆயிரம் போடுகிறார். மாதக்கணக்கில் விற்காமல் கிடந்தாலும், பார்ப்பவர்கள் அதுதான் 'மார்க்கெட் ரேட்' என்று நம்பி விடுகிறார்கள். அப்புறம் 2 ஆயிரத்துக்கு தருகிறேன் என்றால் சல்லிசாக தெரிகிறது. சூட்சுமமே இதுதான்!

எது நிஜ அபூர்வம்?

அமெரிக்காவின் மேட்டல் கம்பெனி 1968-ல் ஹாட் வீல்சை தொடங்கியது. 1995-ல் குறைந்த எண்ணிக்கையில் 'டிரெஷர் ஹன்ட்' கார்களும், 2007-ல் அதைவிட அரிதான 'சூப்பர்' ரகமும் வந்தன. இப்போதைய சூப்பர் ரகத்தில் ரப்பர் டயர், பளபள பெயின்ட், காரின் மேல் 'டி.எச்.' எழுத்து இருக்கும். சாதா காருக்கு ரப்பர் டயர் மாட்டி, அட்டையை மறுபடி ஒட்டி விற்கும் தில்லுமுல்லும் உண்டு.

1969-ல் சோதனைக்காக செய்யப்பட்ட ரோஸ் கலர் 'பீச் பாம்' வேனின் மதிப்பு ஒன்றரை லட்சம் டாலர் என்பார்கள். இப்படி ஒரு செய்தி வந்ததும், பரண் மேல் கிடக்கும் காரும் லட்சம் போகும் என்று கனவு காண்பவர்கள் உண்டு. பழசு எல்லாம் அபூர்வம் ஆகிவிடாது. நம்ம நாட்டில் முன்பு 'லியோ மேட்டல்' பெயரில் வந்த கார்களை சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். அதிலும் பெயின்ட் உரியாமல், சக்கரம் வளையாமல் இருந்தால்தான் மவுசு.

வாங்கும் முன்...

* கேட்கும் விலையை பார்க்காதீர்கள். ஈபே போன்ற தளங்களில் 'விற்று முடிந்தவை' என்று தனியாக பார்க்கலாம். அதில் இருப்பதுதான் கிட்டத்தட்ட நிஜ விலை.

* கடைக்காரர் அட்டையில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால் தப்பு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தனி ஆள் விற்கும் பழைய பொருளுக்கு எம்.ஆர்.பி. கைகொடுக்காது. அங்கே நம்ம புத்திதான் காவல்.

* முகம் தெரியாதவருக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். பணம் பெற யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை, கேட்டால் மோசடி. ஏமாந்தால் உடனே 1930-க்கு போன் போடுங்கள்.

* பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய சாமான்களோடு பொம்மைகளும் வரும். கையில் எடுத்து, சக்கரத்தை உருட்டி பார்த்து, பேரம் பேசி வாங்கலாம்.

ஆசைக்கு ஒரு கார் வாங்குவதில் தப்பில்லை. நாளைக்கு டபுள் ஆகும் என்று வீட்டு வாடகை பணத்தை போடுவதுதான் ஆபத்து. விலை போடுறவர் ஆயிரம் போடுவார், வாங்க ஒருத்தர் கை நீட்டினால்தான் அது விலை!