கப்பல் டிக்கெட் ரத்து... கார்டு கொடுத்த 300 டாலர் என்ன ஆகும்?

மகனுக்கு அமெரிக்காவின் ஹூஸ்டனில் வேலை. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியில். கோடை விடுமுறைக்குப் பெற்றோரை வரவழைத்து, கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து மெக்ஸிகோ பக்கம் ஏழு நாள் சொகுசுக் கப்பலில் அழைத்துப் போக வேண்டும் என்பது அவரது ஆசை. நான்கு பேருக்கு 1,000 டாலர் முன்பணம் கட்டினார். அவருடைய கிரெடிட் கார்டில் ஆண்டுக்கு 300 டாலர் பயணச் சலுகை உண்டு. சில நாள்களில் அந்த 300 டாலர் கார்டு கணக்கில் வரவானது. ``அப்ப நம்ம கைக்காசு 700தான்'' என்று மனைவியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

இரண்டே மாதத்தில் அம்மாவுக்கு மூட்டுவலி அதிகமானது. நீண்ட விமானப் பயணம் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் அப்பா கேட்ட முதல் கேள்வி: ``எப்பா, கட்டுன காசு திரும்பக் கெடைச்சிரும்லா?''

இது ஓர் உதாரணக் குடும்பம்தான். ஆனால், பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் எந்த வீட்டிலும் எழக்கூடிய கேள்வி இது.

300 டாலர் யாருடையது?

சேஸ் சஃபையர் ரிசர்வ் போன்ற அமெரிக்கக் கார்டுகள் ஆண்டுதோறும் 300 டாலர் பயணக் கிரெடிட் தருகின்றன. விமானம், ஹோட்டல் போலவே கப்பல் பயணமும் இதில் அடங்கும். ஆனால், இது பயணச் செலவுக்கான சலுகை; ரொக்கப் பரிசு அல்ல.

டிக்கெட்டை ரத்து செய்தால் கப்பல் நிறுவனம் 1,000 டாலரையும் கார்டுக்கே திருப்பி அனுப்பும். செலவே இல்லை என்றான பிறகு, வங்கி தான் கொடுத்த 300 டாலரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கார்டு விதிமுறைகளில் இதற்கு இடம் உண்டு. `ரத்து செய்யக்கூடிய டிக்கெட்டாகப் போட்டு, கிரெடிட் வந்ததும் கேன்சல் செய்துவிடலாம்' என்று கணக்குப் போடுபவர்களும் இருக்கிறார்கள். சிக்கினால் சேர்த்த பாயின்ட்டுகளும் போகலாம், கார்டே முடக்கப்படலாம். 300 டாலருக்காக எடுக்கக்கூடிய ரிஸ்க் அல்ல இது.

நியாயமான காரணத்துக்காக ரத்து செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஆண்டுக் கணக்கை. கிரெடிட் கிடைத்த அதே கார்டு ஆண்டுக்குள் ரத்தானால், பொதுவாக அதை வேறு பயணத்துக்குப் பயன்படுத்த வாய்ப்பு உண்டு. ஆண்டு மாறிய பிறகு ரத்தானால் பழைய சலுகை கைநழுவலாம். இது கார்டுக்குக் கார்டு மாறும் என்பதால், ரத்து செய்யும் முன்பே வங்கியிடம் கேட்டுவிடுவது நல்லது.

அதே பெயரில் இன்னொன்று

கப்பல் நிறுவனங்களும் ஒரு `கிரெடிட்' தருகின்றன. அடுத்த பயணத்தில் மட்டும் கழித்துக்கொள்ளக்கூடிய தொகை அது. 2020-ல் கொரோனாவால் கப்பல்கள் நின்றபோது, பணமாக வாங்காமல் கிரெடிட்டாக ஏற்றால் கட்டிய தொகையில் 125 சதவிகிதம் தருவதாகச் சில நிறுவனங்கள் அறிவித்தன. கேட்க இனிக்கும். ஆனால், அதற்குக் காலாவதித் தேதி உண்டு. அதை வைத்துப் போட்ட டிக்கெட்டை மறுபடி ரத்து செய்தால், பெரும்பாலும் பணம் வராது; கிரெடிட்தான் திரும்ப வரும். பல சமயம் பழைய காலாவதித் தேதியுடனேயே!

எனவே, `ரீஃபண்ட்' என்று வரும் மெயிலில் பணம் கார்டுக்குத் திரும்புகிறதா, அடுத்த பயணக் கிரெடிட்டாக வருகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தேதி தவறினால் காசு போச்சு

முன்பணத்தில் இரண்டு வகை. திரும்பக் கிடைப்பது ஒன்று. கட்டணம் குறைவாக இருக்கும், ஆனால் முன்பணம் பணமாகத் திரும்பாது என்பது இன்னொன்று. திரும்பக் கிடைக்கும் வகையிலும் ஒரு கெடு உண்டு. முழுத் தொகையையும் கட்ட வேண்டிய அந்த நாள், பெரும்பாலும் கப்பல் கிளம்ப 75 முதல் 90 நாள்களுக்கு முன் வரும். அதைத் தாண்டினால் அபராதம் படிப்படியாக ஏறி, கடைசியில் முழுக் கட்டணமும் போய்விடும். அப்போதும் துறைமுகக் கட்டணமும் வரிகளும் பொதுவாகத் திரும்பக் கிடைக்கும்.

நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் கதை வேறு. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல் பயணம் ரத்தானாலோ, மூன்று நாள்களோ அதற்கு மேலோ தாமதமாகி பயணி போக விரும்பாவிட்டாலோ, பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது 2022-ல் அந்நாட்டு ஃபெடரல் கடல்சார் ஆணையம் கொண்டுவந்த விதி.

பில் கட்டிய பிறகு பணம் வந்தால்?

கார்டு பில்லை ஏற்கெனவே கட்டியிருந்தால், திரும்பி வரும் தொகை கணக்கில் உபரியாக நிற்கும். எழுத்துபூர்வமாகக் கேட்டால், ஏழு வேலை நாள்களுக்குள் வங்கி அதைத் தர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம்.

நம் உதாரண மகன் போட்டது திரும்பக் கிடைக்கும் முன்பணம். கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே ரத்தும் செய்துவிட்டார். 1,000 டாலர் கார்டுக்கு வந்தது. 300 டாலரை வங்கி எடுத்துக்கொண்டது. கார்டு ஆண்டு முடிய இன்னும் நாள் இருந்ததால் சலுகை மிச்சமிருந்தது. அம்மாவைப் பார்க்க ஊருக்கு வரும் விமான டிக்கெட்டில் அதைக் கழித்துக்கொண்டார்.