எழுபதாம் ஆண்டுக்கு நம் வார்டில் என்ன மிஞ்சும்?



இந்த 2026 நவம்பர் 1-ம் தேதி நம் மாநிலத்துக்கு எழுபது வயது நிறைகிறது. 1956-ல் இதே தேதியில்தான் மொழிவாரி மாநிலங்கள் நடைமுறைக்கு வந்தன. மலபார் கேரளத்துக்குப் போனது, தென் கன்னடம் மைசூருக்குப் போனது, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மோடு வந்து சேர்ந்தன.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இது எங்கோ நடந்த சரித்திரம் இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு அம்பத்தூரிலும் ஆவடியிலும் ரயில் ஏறித் திருத்தணிக்குப் போகிறோமே, அந்தத் திருத்தணி 1956-ல் நம்மிடம் இல்லை. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், அதன்பின் எல்லைத் தகராறில் படாஸ்கர் தந்த பரிந்துரை, நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் என்று நீண்டு, 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் நம்மிடம் வந்தது. பதிலுக்கு சத்தியவேடு போன்ற பகுதிகளை நாம் விட்டுக்கொடுத்தோம். இன்று திருத்தணியும் ஆவடியும் பூந்தமல்லியும் ஒரே திருவள்ளூர் மாவட்டம்.

எழுபது வயது என்றால் விழா உண்டுதானே? மேடை இருக்கும், சீரியல் செட் விளக்கு இருக்கும், பள்ளிகளில் பேச்சுப் போட்டி இருக்கும். இருக்கட்டும். ‘தமிழ்நாடு’ என்று பெயர் வைக்கச் சொல்லி 76 நாள் உண்ணாவிரதம் இருந்து, மாநிலம் அமைய மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில், 1956 அக்டோபர் 13-ல் உயிரை விட்ட சங்கரலிங்கனாரின் பெயரை நம் பிள்ளைகள் போட்டிக்காகவாவது தெரிந்துகொள்ளட்டும்.

என் கேள்வி வேறு. விழா முடிந்த மறுநாள் நம் தெருவில் என்ன இருக்கும்?

வீட்டில் தாத்தாவுக்கு எழுபது நிறைந்து பீமரத சாந்தி செய்கிறோம். பந்தல் போடுகிறோம், சொந்தபந்தங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறோம். கூடவே விவரமுள்ள மருமகள் ஒருத்தி, “மாமாவுக்குப் பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி மாட்டிவிடலாமே” என்று சொல்வாள். சாப்பாட்டின் ருசியை நாலு நாள் பேசுவோம். அந்தக் கம்பியை அவர் தினமும் பிடிப்பார். மாநிலத்தின் எழுபதுக்கும் வார்டுக்கு வார்டு அப்படி ஒரு கம்பி வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இது நடக்காத காரியமா? பார்ப்போம்.

1967-ல் கனடா தன் நூறாவது ஆண்டைக் கொண்டாடியது. மத்திய அரசு தலைக்கு ஒரு டாலர் தந்தது. அதே அளவு மாகாண அரசும் போட வேண்டும், ஊராட்சியும் போட வேண்டும். என்ன கட்டுவது என்பதை அந்தந்த ஊரே தீர்மானித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகள் நடந்தன. நூலகம், சமூகக் கூடம், விளையாட்டு அரங்கம், பூங்கா. நூற்றாண்டுப் பெயரோடு அவற்றில் பல இன்றைக்கும் அங்கே புழக்கத்தில் இருக்கின்றன. அதே 1967-ல்தான், ஜூலை 18-ம் தேதி, அண்ணா முதல்வராக இருந்தபோது நம் சட்டமன்றம் ‘தமிழ்நாடு’ பெயர்த் தீர்மானத்தை நிறைவேற்றியது.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. விடுதலையின் 75-வது ஆண்டையொட்டி 2022 ஏப்ரலில் ‘அம்ரித் சரோவர்’ திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. மாவட்டத்துக்கு 75 குளம், ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு ஏக்கர். இதில் கவனிக்க வேண்டியது, அதற்கென்று தனி நிதி எதுவும் ஒதுக்கவில்லை. நூறு நாள் வேலைத் திட்டம், நிதிக்குழு மானியம் என்று ஏற்கெனவே இருந்த பணத்தையே ஒரு நோக்கத்துக்குத் திருப்பினார்கள். குளம் தோண்டிய இடத்தில் ஆகஸ்ட் 15 அன்று கொடி ஏற்ற, ஊரில் மூத்தவர்களைக் கூப்பிட்டார்கள்.

ஆக, புதுப் பணம் வந்தால்தான் முடியும் என்பதில்லை. இருக்கிற பணம் எங்கே என்று பார்த்தாலே போதும்.

நமக்கு நாமே திட்டம் உங்களில் பலருக்குப் பழக்கம். 1997-ல் வந்தது. இடையில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் இருந்தது. 2021-22-ல் பழைய பெயரோடு திரும்ப வந்தது. ஆட்சி மாறினாலும், பெயர் மாறினாலும், அடிப்படை அதேதான். மக்கள் ஒரு பங்கைப் போட்டால் மீதியை அரசு போடும். இப்போது அந்தப் பங்கு பொதுவாக மூன்றில் ஒன்று.

பத்து லட்சம் ரூபாய் வேலை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மக்கள் பங்கு 3 லட்சத்து 33 ஆயிரம் சொச்சம். 150 வீடு சேர்ந்தால் வீட்டுக்கு 2,200 ரூபாய் சுமார். ஆவடி மாநகராட்சியில் 48 வார்டு. வார்டுக்குப் பத்து லட்சம் என்றால் மொத்தம் 4 கோடியே 80 லட்சம். மக்கள் பங்கைக் கழித்தால் அரசு போட வேண்டியது 3 கோடியே 20 லட்சம். ஒரு எம்.எல்.ஏ.வின் ஓராண்டுத் தொகுதி மேம்பாட்டு நிதி 3 கோடி ரூபாய். அந்த நிதியை அப்படியே இதற்குத் தரச் சொல்லவில்லை. ஒரு ஊர் முழுக்க வார்டுக்கு ஒரு வேலை செய்ய எவ்வளவு ஆகும் என்பதற்கு ஓர் அளவு வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன். கைக்கு எட்டாத தொகையாகவா தெரிகிறது?

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் பேச வேண்டும். 200 ஃபிளாட் உள்ள அடுக்குமாடியில் இந்த மூன்றில் ஒரு பங்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் வசூலாகிவிடும். வாடகைக்கு இருப்பவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களும் நிறைந்த முப்பது வீட்டுச் சந்தில் ஆகாது. அப்படியென்றால் பணம் உள்ள தெருவுக்கே பூங்காவும் விளக்கும் போய்ச் சேரும். தண்ணீர் தேங்கும் தெருவோ தேங்கியபடியே இருக்கும். இதை நாம் ஒப்புக்கொள்ளலாமா?

வழி இருக்கிறது. மக்கள் பங்கை அந்தத் தெருக்காரர்களே போட வேண்டும் என்றில்லை. நிறுவனமும் போடலாம், தனி ஆளும் போடலாம். 1964-ல் அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை நம் நடுவில் இருக்கிறது. நிகர லாபம் ஆண்டுக்கு 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனங்கள், கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அதைச் சுற்றுவட்டாரத்திலேயே செலவிட முன்னுரிமை தரவும் சொல்கிறது. பேட்டையில் இருப்பவை பெரும்பாலும் சின்னச் சின்னப் பட்டறைகள். அவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி தாண்டிப் போகும் வழியெல்லாம் பெரிய நிறுவனங்களும் இருக்கின்றனவே. அவர்களிடம் கேட்கும் கடிதத்தில் முதலில் எழுத வேண்டிய பெயர், பங்கு போட முடியாத அந்தச் சந்தின் பெயர்.

சரி, எப்போது தொடங்குவது? மாநிலத்தின் நாள் எது என்பதிலேயே நமக்குள் வழக்கு உண்டு. நவம்பர் 1 என்று 2019-ல் ஓர் அரசு சொன்னது. ஜூலை 18 என்று 2021-ல் அடுத்த அரசு சொன்னது. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. ஒன்று எல்லை கிடைத்த நாள், இன்னொன்று பெயர் கிடைக்க வழி திறந்த நாள். மூன்றாவதாகவும் ஒரு நாள் உண்டு. 1969 ஜனவரி 14, பொங்கல் சமயம், ‘தமிழ்நாடு’ என்ற பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்த நாள்.

இந்த மூன்றையும் ஒரு வேலைத் திட்டத்தின் மூன்று தேதியாக வைத்துக்கொண்டால் என்ன?

ஜூலை 18-க்குள் வார்டில் எது வேண்டும் என்ற பட்டியல் கவுன்சிலர் கைக்குப் போக வேண்டும். அதன்பின் மதிப்பீடு, மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி, டெண்டர். நவம்பர் 1 அன்று பணி ஆணையை மக்கள் முன்னால் படித்துக்காட்ட வேண்டும். ஜனவரி 14-க்குள் வேலை முடிந்து சாவி கைக்கு வர வேண்டும்.

நவம்பர் 1-ஐப் பொறுத்தவரை இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. 2022 முதல் அன்றுதான் உள்ளாட்சி தினம். அந்த ஆண்டில்தான் மாநகராட்சி, நகராட்சிகளிலும் வார்டைப் பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபைக் கூட்டம் நடத்தத் தொடங்கினார்கள். கிராமங்களுக்குக் கிராம சபை பழசு. நமக்கு இது புதுசு. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபின், “நம்ம நகராட்சி ஆபீஸ்லயே நேராப் போய்ச் சொல்லிடுவோம், இப்ப யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்வதற்கு இப்போது ஓர் இடம் சட்டப்படி இருக்கிறது. அதில் போய் உட்கார வேண்டியது நம் வேலை.

அவசரம் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களின் ஐந்தாண்டுக் காலம் அடுத்த ஆண்டு தொடக்கத்தில் முடிகிறது. தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் புது வேலையைத் தொடங்க முடியாது. ஏற்கெனவே தொடங்கியது மட்டும் தொடரும். நவம்பர் தாண்டினால் பட்டியல் ஃபைலிலேயே தங்கிவிடும்.

மழை வேறு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் பக்கத்தில் மண் வேலை, தார் வேலை எதுவும் உருப்படியாக நடக்காது. அதனால் இந்த எழுபதாம் ஆண்டுக்கு ஏரி தூர்வாருதல், சாலை போடுதல் போன்ற பெரிய கனவுகளைக் கேட்காதீர்கள். அவையும் வேண்டியவைதான். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனவர்கள் நம் வாசகர்களுக்கு அண்டை வீட்டார். ஆவடி பருத்திப்பட்டு ஏரி சீரமைந்த பிறகு சாயந்திரமானால் குழந்தைகளோடு எத்தனை குடும்பம் அங்கே போகிறது என்பதையும் பார்க்கிறோம். அதெல்லாம் கோடிக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை. வேறு கணக்கில் விடாமல் கேட்போம்.

இதற்குக் கேட்க வேண்டியது, மண் வேலையோ தார் வேலையோ இல்லாத சின்ன வேலை. அங்கன்வாடிக்கு ஒயரிங், ஃபேன், குழந்தைகள் உயரத்துக்கு ஒரு கழிப்பறை. கிளை நூலகத்துக்கு அலமாரியும் நாலு மேசையும். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம், கர்ப்பிணிகள் காத்திருக்க நிழலும் பெஞ்சும். இரவு ஷிஃப்ட் முடிந்து பெண்கள் நடந்து வரும் வழியில் விளக்கு. பள்ளி வாசலில் திறந்து கிடக்கும் மழைநீர் வடிகாலுக்கு மூடி. இவற்றில் எதற்கும் பெரிய பொறியியல் தேவையில்லை. ஆனால் இவை இல்லாத அவஸ்தையை நம் வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் தினமும் படுகிறார்கள்.

செல்ஃபி எடுக்க ஊர்ப் பெயர் எழுதிய எழுத்து வளைவு வேண்டாம். நீரூற்றும் வேண்டாம். திறப்பு விழாவுக்கு ஓடிவிட்டு மோட்டார் கெட்டதும் நின்றுபோன நீரூற்றுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எந்த வேலையைக் கேட்டாலும் கூடவே ஒன்றைக் கேளுங்கள்: பராமரிப்பு யார் பொறுப்பு, அதற்குப் பணம் எந்தக் கணக்கில்? மதிப்பீட்டிலேயே மூன்று ஆண்டுப் பராமரிப்பைச் சேர்க்கச் சொல்லலாம். இந்த ஒரு வரி தீர்மானத்தில் இருந்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

அனுமதி கொடுக்கும் இடத்திலும் கண் வைக்க வேண்டும். விழா அவசரத்தைச் சாக்காக வைத்து டெண்டரைச் சுருக்கப் பார்ப்பார்கள். 1998-ம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் நம் மாநிலத்துக்கு இருக்கிறது. எழுபதாம் ஆண்டு என்பதற்காக அது விடுமுறையில் போகாது. மதிப்பீட்டு நகலைக் கேளுங்கள். என்ன அளவு, என்ன பொருள், எத்தனை ரூபாய் என்று அதில் இருக்கும். நவம்பர் 1 கூட்டத்தில் அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கவுன்சிலர் எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம். நல்லபடியாகச் செய்துகொடுத்த கவுன்சிலரின் பெயரை நம் பத்திரிகை மகிழ்ச்சியோடு போடும்.

மக்கள் பங்குக்குப் பணம் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சங்கத் தலைவர் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். உள்ளாட்சி அமைப்பின் பெயருக்கு டி.டி. அல்லது காசோலையாகக் கட்டி ரசீது வாங்குங்கள். நல்ல மனிதர்களுக்குள்ளும் கணக்குக் குழப்பம் வந்தால் அண்டை வீட்டு உறவு கெட்டுவிடும்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஜூலை 18-க்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கத்தை இதற்கென்றே ஒதுக்குகிறோம். அம்பத்தூர் மண்டலத்தின் 15 வார்டு, ஆவடியின் 48 வார்டு, பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகள், சுற்றியுள்ள ஊராட்சிகள் என எங்கிருந்து கோரிக்கை வந்தாலும் போடுவோம். யார் என்ன கேட்டார்கள், மன்றம் என்ன சொன்னது, பணி ஆணை வந்ததா என்று மாதாமாதம் வார்டு வாரியாக வெளியிடுவோம்.

ஒரே ஒரு வேலையை எழுதுங்கள், ஐந்தாறு வேண்டாம். இடம் எது, அதனால் யாருக்குப் பயன், உங்கள் தெருவால் எவ்வளவு பங்கு போட முடியும், முடியாவிட்டால் அதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். கவுன்சிலரிடம் கொடுத்த மனுவின் நகலில் பெறுகை முத்திரையும் தேதியும் இருந்தால் அதன் போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள். வார்டு எண் மட்டும் கட்டாயம் வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்