அடித்து எழுதிய கணக்கும் அழித்து எழுதிய கணக்கும்

பி.காம். படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பேரேட்டில் ஒரு எண் தப்பானால் சுரண்டி அழிக்கக் கூடாது. கோடு போட்டு அடித்து, மேலே சரியான எண்ணை எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து. தப்பும் தெரியும், திருத்தியவர் யார் என்றும் தெரியும். எக்ஸெல் வந்தது, அந்தப் பழக்கம் போயே போச்சு. கட்டத்துக்குள் புது எண்ணைத் தட்டினால் பழையது இருந்த சுவடே இல்லை.

எக்ஸெல் மோசம் என்று சொல்ல வரவில்லை. தவணைக் கணக்கு போட்டுப் பார்க்க அதைப்போல சௌகரியம் கிடையாது. அது ஸ்லேட்டு. நாம் அதைக் கணக்குப் புத்தகமாக்கிவிட்டோம், அதுதான் என் சண்டை.

நான் வேலை பார்க்கும் புனேயில் சிறு தொழில் செய்பவர்கள் மாதாமாதம் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுப்பார்கள். அநேகமாக எக்ஸெல்தான். அவர்கள் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்பது அதை வைத்தே முடிவாகிறது. பட்டியலின் அடியில் நாலு வரி சேர்த்திருப்பார்கள். கூட்டல் சூத்திரம் பழைய வரியோடு நின்றிருக்கும். மறைத்து வைத்த வரி ஒன்று மொத்தத்தில் சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் எக்ஸெல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் பூஜ்யம் இருந்தால் அதுவும் காணாமல் போகும். அந்தப் பட்டியலை வைத்துச் சம்பளம் போட்டால்?

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2012-ல் ஜேபி மார்கன் லண்டன் கிளையில் 600 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். காரணங்கள் பல, ஆனால் அபாயத்தை அளந்த கணக்கு, கையால் வெட்டி ஒட்டிய எக்ஸெல் தாள்களில் ஓடியது. சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். 2020-ல் இங்கிலாந்தில், பழைய எக்ஸெல் கோப்பில் 65,536 வரிக்கு மேல் இடமில்லாததால் கிட்டத்தட்ட 16,000 கொரோனா நோயாளிகள் தினசரிக் கணக்கில் விடுபட்டார்கள்.

ஆக்ஸஸ் கதை வேறு. ஆபீஸில் ஒரு கெட்டிக்காரர் உட்கார்ந்து செய்து கொடுப்பார். ஜோராக ஓடும். அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். 2 ஜிபி-க்கு மேல் கோப்பு வளரவும் வளராது.

வாராக்கடனை வகைப்படுத்துவதில் மனிதக் கை படக்கூடாது, 2021 ஜூன் 30-க்குள் கணினியே செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சொன்னது. கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தங்களின் பதிவு இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல் சட்டம். பழைய பேரேட்டின் அடித்தல் கோடு திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சட்டம் தொடாத இடங்கள் பாக்கி. வெளியூரில் நாம் நடத்தும் தமிழ்ச் சங்கம், பொங்கல் விழா வசூல், குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்புத் தொகை எல்லாம் யாரோ ஒரு மாமாவின் லேப்டாப்பில் ஒரே ஒரு எக்ஸெல் கோப்பு. மாமா தங்கமானவர்தான். மாதக் கடைசியில் அவர் அதை அச்செடுத்து, வேறு ஒருவர் பாஸ்புக்கோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைக்கட்டும். அவருக்கும் அது பாதுகாப்பு.