தரகர் கேட்கும் முதல் கேள்வி

ராஜகுமாரி கதையைப் பாட்டிதான் சொல்ல வேண்டும் என்பதில்லை. நம் காலத்தில் டி.வி.யே சொன்னது. கறுத்த பெண் ஒருத்தி வாடிப்போய் உட்கார்ந்திருப்பாள். அப்பா பெருமூச்சு விடுவார். ஒரு கிரீம் டியூப் வரும். சில வாரத்தில் முகம் வெளுத்துவிடும். வேலை கிடைக்கும், இல்லாவிட்டால் மாப்பிள்ளை கிடைப்பான். கதை முப்பது நொடியில் சுபம்.

ஃபேர் அண்ட் லவ்லி கடைக்கு வந்தது 1975-ல். அதன் விளம்பரங்களை எதிர்த்து அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் போராடியது. கடைசியில் 2020-ல் பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. பெட்டிக்கடையில் இன்றும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

சென்னையில் 2009-ல் 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று ஓர் இயக்கம் தொடங்கியது. பிறகு நடிகை நந்திதா தாஸும் சேர்ந்துகொண்டார். நல்ல காரியம். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. 'கறுப்பும் அழகுதான்' என்று சொல்லும்போதும் பெண்ணைத் தராசில் வைத்துத்தானே பேசுகிறோம்?

நம் அடி அண்ணாமலைக்காரர்களுக்கு இதைவிட நல்ல கதை வாசலிலேயே இருக்கிறது. காளியாகக் கறுத்திருந்த பார்வதி, தவம் செய்து பொன்னிறக் கௌரியானாள் என்று ஒரு புராணக் கதை உண்டு. அதைக் கேட்டால் டியூப் விளம்பரத்தின் பாட்டன் மாதிரி இருக்கும்! நம் மலையின் கதை அப்படியில்லை. விளையாட்டாகச் சிவனின் கண்ணைப் பொத்தினாள், உலகம் இருண்டது. அதற்காகக் காஞ்சியில் தவமிருந்து, பிறகு இங்கே வந்து, கௌதம முனிவரைக் கண்டு மறுபடியும் தவமிருந்தாள். கிடைத்தது நிறம் அல்ல, இடப்பாகம். தேவாரம் பாடியவர்கள் சிவனைச் செம்மேனியர் என்றும் அம்மையை நீலம், பச்சை என்றும் பாடினார்கள். ஓருடம்பான பிறகும் அவரவர் நிறம் அவரவருக்கே இருந்தது.

கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவது சில நிமிடம்தான். அதற்காக மணிக்கணக்கில் கூட்டத்தில் நசுங்கி நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். மறுநாள் தரகர் வந்தால், 'பொண்ணு கலர் எப்படி?' என்று கேட்பதும் நாமேதான். மருமகன் நிறத்தை யாரும் இவ்வளவு அலசுவதில்லை. இதில் கம்பெனியை மட்டும் திட்டி என்ன பயன்? பேத்தி பிறந்த அன்றே, 'மூக்கும் முழியும் நல்லா இருக்கு, கலர்தான் கொஞ்சம் கம்மி' என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்வது நம் வயதுக்காரர்கள். அந்தக் குழந்தைக்குப் பத்து வயதாகும்போது கண்ணாடியைப் பார்த்து அதே வார்த்தையைத்தான் தனக்குச் சொல்லிக்கொள்ளும்.

வரன் பார்க்க எழுதும் குறிப்பில் படிப்பு, உயரம், நட்சத்திரம் எல்லாம் இருக்கட்டும். 'நிறம்' என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். தரகர் போன் செய்து விசாரிப்பார். பெண் வீட்டில்தான் இருக்கிறாள், வந்து பேசிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிடலாம்.