பேர் தெரியாட்டா தோத்தவனா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் சின்னமனூரில் ஒரு காதுகுத்து. என் தங்கை பேரன் ஒருவன், பிளஸ் ஒன் படிக்கிறான், கால்பந்தில் சென்டர் ஃபார்வர்டு. மாவட்ட அணி வரை போனவன், இந்த வருஷம் மாநிலத் தேர்வில் விடுபட்டுப் போனான். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அவன் அப்பா என்னிடம், "மாமா, நீங்களே சொல்லுங்க. ஸ்டேட்டுக்கே எடுக்கல. இனிமே எதுக்கு இந்தப் பொழப்பு?" என்றான். பூட்ஸைத் தூக்கிப் பரணில் போட்டாச்சாம். நான் சபீர் பாஷா கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். "யாரு மாமா அது? பேரே கேள்விப்பட்டதில்லையே. அதத்தான் நானும் சொல்றேன்!" என்றான். பந்தியே சிரித்தது. சிரித்தவர்களில் நாலு பேர் என்னிடம் படித்தவர்கள். அந்தப் பையன் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் வந்தது. இங்கே சொல்கிறேன்.

மாப்ளே, 34 வருஷம் கணக்கு நடத்தினேன். நான் ராமானுஜன் ஆகவில்லை. என் பேர் கம்பம் தாண்டினால் யாருக்கும் தெரியாது. அதற்காக என்னை எவனாவது தோற்றுப்போன கணக்கு வாத்தியார் என்று சொன்னானா? மாசாமாசம் பென்ஷன் வருகிறது, காதுகுத்துக்குக் கூப்பிட்டு முதல் பந்தியில் உட்கார வைக்கிறீர்கள். உன் பேங்க் மேனேஜர் பேர் ஊருக்குத் தெரியுமா? உனக்குப் பல் பிடுங்கிய டாக்டர் பேரை தேனியில் போய்க் கேட்டால் சொல்வார்களா? வேறு எந்தத் தொழிலிலும் பேர் தெரியாதவனைத் தோற்றவன் என்று நாம் சொல்வதில்லை. பந்தாடுகிறவன் மட்டும் ஒன்று ரொனால்டோ ஆகணும், இல்லாவிட்டால் வீணாய்ப் போனவன்.

சையத் சபீர் பாஷா யார்? சென்னைக்காரர். இந்தியன் வங்கி அணியின் முன்கள வீரர், இந்திய அணிக்கும் ஆடியவர். 1996-ல் தொடங்கிய தேசிய லீக்கில் தமிழ்நாட்டின் பேரைச் சொன்ன அணி அந்த வங்கி அணி. ஆடி முடித்தவர் அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். பிறகு சென்னையின் எஃப்.சி.யில் உதவிப் பயிற்சியாளர். 2018 மார்ச்சில் பெங்களூருவை 3-2 என்று வென்று சென்னையின் இரண்டாவது முறை கோப்பை தூக்கியது. அப்போது தலைமைப் பயிற்சியாளர் இங்கிலாந்துக்காரர் ஜான் கிரெகரி. நம் ஆள் பக்கத்தில் நின்றார்.

2022 பிப்ரவரியில் அதே அணி கோவாவிடம் 5-0 என்று உதை வாங்கியது. மாண்டினீக்ரோவிலிருந்து வந்திருந்த பாண்டோவிச்சை அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்த சில ஆட்டங்களுக்கு பாஷாவிடம் கொடுத்தார்கள், 'இடைக்காலப் பயிற்சியாளர்' என்ற பேரில். சீசன் முடிந்தது. ஜெர்மனியிலிருந்து பிர்டாரிச் வந்தார்.

ஆசிரியர் குடும்பத்துக்காரர்களுக்கு இது உடனே புரியும். 'பொறுப்பு ஹெச்.எம்.' என்று ஒரு பதவி உண்டே, அதுதான். ஒன்றரை வருஷம் நானும் இருந்தேன். கூரை ஒழுகினால் நாம் ஓடணும், ரிசல்ட் குறைந்தால் நாம் பதில் சொல்லணும், நாற்காலி மட்டும் வரப்போகிற ஒருவருக்காகக் காத்திருக்கும்.

வெளிநாட்டுக்காரர் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஐ.எஸ்.எல். 2014-ல் தொடங்கியது. ஒரு இந்தியரை நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக முதன்முதலில் போட்டது 2021-ல்தான்: நார்த்ஈஸ்ட் யுனைடெட்டில் காலித் ஜமீல். அதற்கு நாலு வருஷம் முன்பே ஐஸ்வால் என்ற சின்ன மலை ஊர் அணியை ஐ-லீக் சாம்பியன் ஆக்கிக் காட்டியவர் அவர். 2023-ல் கிளிஃபோர்ட் மிராண்டா ஒடிசாவுக்கு இடைக்காலப் பயிற்சியாளராக இருந்து சூப்பர் கோப்பையே வாங்கிக் கொடுத்தார். கோப்பை அலமாரிக்குப் போனது, வேலை ஸ்பெயின்காரர் லொபேராவுக்குப் போனது. கோப்பை வாங்கினாலும் பொறுப்பு ஹெச்.எம்.தான் என்றால் என்ன நியாயம்?

2025 ஆகஸ்டில்தான் காலித் ஜமீலை இந்திய அணிக்கே போட்டார்கள். 2012-ல் சாவியோ மெடெய்ரா போன பிறகு ஒரு இந்தியர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அப்போதுதான். வந்ததும் மத்திய ஆசியக் கோப்பையில் ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். அடுத்த மாதமே சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்பு போனது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். தோற்கட்டும். வெளிநாட்டுக்காரர்கள் தோற்கவில்லையா?

இன்னொரு பேர் சொல்கிறேன். ராமன் விஜயன். விஜயன் என்றதும் உங்களுக்கு 'திமிரு' படத்து வில்லன் ஐ.எம். விஜயன் ஞாபகம் வரும். அவர் திருச்சூர்க்காரர், பெரிய ஆட்டக்காரர். நான் சொல்வது நம் தமிழ்நாட்டு ராமன் விஜயனை. 1997-98 தேசிய லீக்கில் எஃப்.சி. கொச்சினுக்காக 10 கோல் போட்டு, நாட்டிலேயே அதிக கோல் அடித்தவர் அவர். கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடினார். பிறகு பயிற்சியாளர். ஐ.எஸ்.எல். முதல் சீசனில் டெல்லி அணியின் உதவிப் பயிற்சியாளர். இங்கேயும் 'உதவி'. வில்லனைத் தெரிகிறது, இவரைத் தெரியவில்லை. குற்றம் யார் மேல்?

மலைக்கு அந்தப் பக்கம் கேட்டுப் பாருங்கள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் தினமும் குமுளி ஏறுகிற ஊர் நம் ஊர். கேரளா முதன்முதலில் சந்தோஷ் கோப்பை வென்றது 1973-ல், எர்ணாகுளத்தில், ரயில்வேயை 3-2 என்று தோற்கடித்து. மூன்று கோலையும் போட்டவர் கேப்டன் மணி. பயிற்சியாளர் யார் தெரியுமா? சைமன் சுந்தரராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய தமிழ்நாட்டுக்காரர். நம் ஆளைக் கூப்பிட்டு அணியைக் கையில் கொடுத்தார்கள், கோப்பை வாங்கினார்கள். தமிழ்நாடு இன்றுவரை சந்தோஷ் கோப்பையை வென்றதில்லை.

வெளிநாட்டு உதாரணம்தான் வேண்டுமா? அலெக்ஸ் ஃபெர்குசன் ஸ்காட்லாந்தில் ஆறு கிளப் மாறி ஆடிய ஃபார்வர்டு. ஆட்டக்காரராக உலகம் அவரைக் கொண்டாடவில்லை. 32 வயதில் ஈஸ்ட் ஸ்டிர்லிங்ஷயர் என்ற குட்டி அணியில் பயிற்சியாளராக ஆரம்பித்து, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 13 லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 32 வயதுக்காரனை நம்பி ஒரு குட்டி கிளப் நாற்காலியைக் கொடுத்தது. அதைத்தான் கேட்கிறேன்.

மருமகன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. பாஷா காலத்துப் பையனுக்கு வங்கி, ரயில்வே, ஐ.சி.எஃப்., சுங்கத்துறை, துறைமுகம் என்று வேலை கொடுத்து ஆட வைக்க இடங்கள் இருந்தன. காலில் அடிபட்டாலும் ஒன்றாம் தேதி சம்பளம். நட்சத்திரம் ஆகாதவனும் குடும்பம் நடத்தி, விளையாட்டை விடாமல் இருந்து, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தான். அந்த ஆள் எடுப்பு வருஷத்துக்கு வருஷம் சுருங்கிவிட்டது. தனியார் கிளப்பை நம்பலாமா என்றால், ராமன் விஜயன் கோல் மழை பொழிந்த எஃப்.சி. கொச்சின் 1997-ல் டூரண்ட் கோப்பை வாங்கி, சில வருஷத்தில் பணமில்லாமல் மூடிப்போனது. ஆகவே பையனின் அப்பா பயப்படுவது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தைக் காட்ட வேண்டியது வேலையை நிறுத்தியவர்களிடம். 16 வயசுப் பையனின் பூட்ஸ் மேல் இல்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பழைய மாணவர்கள் எவனாவது கீழே எழுதிவிடுவீர்கள். பி.டி. பீரியடை எத்தனை தடவை கடன் வாங்கிக் கணக்கு நடத்தியிருக்கிறேன்! ஒரு தடவையும் திருப்பிக் கொடுத்ததில்லை. பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு பந்தைப் பிடுங்கி பீரோவில் பூட்டியிருக்கிறேன். கொய்ங் என்று காற்று இறங்கி, அடுத்த ஜூனில் எடுக்கும்போது அது பந்தாகவே இருக்காது. அந்த செட்டில் ஒருவன் இப்போது ராயப்பன்பட்டிப் பக்கம் காலையில் பிள்ளைகளுக்குச் சும்மாவே பந்து சொல்லிக்கொடுக்கிறான், பகலில் திராட்சைத் தோட்டத்தில் வேலை. அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

சென்னையில் வங்கியிலும் ரயில்வேயிலும் பெரிய இடத்தில் இருக்கிற என் மாணவர்களே, உங்கள் அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கால்பந்துக்குக் கடைசியாக எப்போது ஆள் எடுத்தார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். சாருக்கு லைக் போட்டால் போதாது.

மாப்ளே, உன் பையன் ஸ்டேட் ஆடாமல் போகலாம். பதினெட்டு முடிந்ததும் டி லைசென்ஸ் பயிற்சிக்குப் போகட்டும், கட்டணம் என் பென்ஷனில். டிகிரியும் படிக்கட்டும், கணக்கு நான் சொல்லித் தருகிறேன், பி.டி. பீரியடைத் தொடமாட்டேன். பூட்ஸைப் பரணிலிருந்து எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.