ஆக்கியோன் யாவன்?

நூலொன்றைக் கையிலெடுப்போர் முதற்கண் தேடுவது ஆக்கியோன் பெயரையே. நன்னூலாரும் சிறப்புப் பாயிரம் கூறவேண்டியவற்றுள் அதனையே முதலில் வைத்தார். சலனப்படத்திற்கோ இம்முறை எளிதிற் பொருந்துவதன்று. கதை ஒருவருடையது, காட்சியமைப்பு வேறொருவருடையது, ஒளிப்பதிவு மற்றொருவருடையது. இவருள் ஆக்கியோன் யாவன்? இவ்வினாவையே பொருளாகக் கொண்டு, 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது 'மாங்க்' என்னும் படம். அதனைக் கண்டு யான் பெரிதும் மகிழ்ந்தேன். ஆயினும், அது கூறும் விடையை ஏற்க என் மனம் இசையவில்லை. அதன் காரணத்தை ஈண்டு உரைக்கத் துணிகிறேன்.

ஹெர்மன் மான்கீவிட்ஸ் என்பார் பத்திரிகைத் தொழிலினின்றும் ஹாலிவுட் புகுந்த கதாசிரியர், நாவன்மை மிக்கவர், மதுவுக்கும் சூதுக்கும் தம்மை இழந்தவர். 1940ஆம் ஆண்டில், முறிந்த காலுடன் விக்டர்வில் என்னும் பாலைநிலத்தூரில் தங்கி, ஒரு கதையை அவர் சொல்லச் சொல்ல, ரீட்டா அலெக்ஸாந்தர் என்னும் பெண்மணி எழுதினார். பத்திரிகைப் பெருமுதலாளி ஹெர்ஸ்டின் வாழ்வைப் பெரிதும் தழுவிய அக்கதையே, 1941இல் ஆர்சன் வெல்ஸ் டைரக்ட் செய்து நடித்த 'சிட்டிசன் கேன்' ஆயிற்று. மான்கீவிட்ஸின் பெயர் படத்தில் வாராது என்பதே முதலில் செய்த உடன்படிக்கை. வேலை முடிந்தபின் அவர் மனம் மாறியது, தம் பெயரைக் கேட்டார், பெற்றார். திரையில் இருவர் பெயரும் தோன்றின. அவர் பெயரே முன்னின்றது. 1942இல் ஒன்பது ஆஸ்கார் பரிசுகளுக்கு முன்மொழியப்பட்ட அப்படம் வென்றது ஒன்றே. அது கதை எழுதிய இருவருக்கும் கிடைத்தது.

கறுப்பு வெள்ளையில் பழைய படத்தின் ஒளியையும் ஒலியையும் தோற்றுவித்து, இவ்வரலாற்றை 'மாங்க்' விரித்துரைக்கிறது. அக்காலத்துக் கதாசிரியரின் சிறுமையை அது காட்டும் திறம் போற்றத்தக்கது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்துவர். அதனை மூன்றாமவர் மாற்றுவர். எவர் பெயர் திரையில் வருவது என்பதை முதலாளி முடிவு செய்வார். 1933இல் எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் தலைவர் மேயர், தம் ஊழியரைக் கூட்டி, பாதிச் சம்பளத்தை விட்டுக்கொடுக்குமாறு உருக்கமாக வேண்டினார். அந்நிகழ்ச்சியைப் படத்திற் காண்போர், அவ்வாண்டிலேயே கதாசிரியர் சங்கம் தோன்றியதேன் என்பதை எளிதில் உணர்வர்.

இத்துணைச் சிறப்பிருந்தும் படம் வழுவும் இடம் யாது? மறைக்கப்பட்ட ஒருவரை மீட்கப் புகுந்து, மற்றொருவரை மறைத்தலே. இதன்கண் வெல்ஸ் எழுத்தாளராகவே தோன்றுகிறாரல்லர். இறுதியில் வந்து சினந்து மதுப்பெட்டியை வீசியெறியும் இளைஞராகவே தோன்றுகிறார். இக்கருத்து 1971இல் பாலின் கேல் அம்மையார் எழுதிய கட்டுரையால் பரவியது. ஆனால் 1978இல் ராபர்ட் காரிஞ்சர் என்னும் அறிஞர், சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காண்பார்போல, அக்கதையின் பல பிரதிகளையும் அடைவே ஒப்பிட்டார். கதையின் கட்டுக்கோப்பில் மான்கீவிட்ஸின் பங்கு பெரிதென்பதும், குறைத்தும் கூட்டியும் மாற்றியும் அதனைச் செம்மை செய்ததில் வெல்ஸின் பங்கு சிறிதன்றென்பதும் அதனாற் புலனாயின. சான்று இவ்வாறிருக்க, ஒருவரையே ஆக்கியோனெனக் காட்டுதல் எங்ஙனம் நீதியாகும்?

இன்னுமொன்று. 1934இல் அப்டன் சிங்க்ளேர் என்னும் நாவலாசிரியர் கலிபோர்னியாவின் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டார். அவரைத் தோற்கடிக்க எம்.ஜி.எம். ஸ்டூடியோ பொய்யான செய்திப்படங்களை எடுத்துக் கொட்டகைகளிற் காட்டியது, அவரும் தோற்றார். இது மெய். அப்பொய்ப் படங்களை எடுத்தவர் மனம் நொந்து தம்முயிரை மாய்த்துக்கொண்டதாகவும், அத்துயரே மான்கீவிட்ஸைக் 'கேன்' எழுதத் தூண்டியதாகவும் 'மாங்க்' கூறுவது கற்பனை. கதைக்குக் கற்பனை வேண்டுவதே, அதனை மறுப்பாரில்லை. ஆனால் பொய்ச் செய்தியைப் பழிக்க வந்த படம், தானும் உள்ளதையும் இல்லதையும் பிரித்தறியாவாறு கலந்து தருவது தகுமா?

இவ்வாறு நேர்ந்தமைக்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. இப்படத்தின் கதையை எழுதியவர், டைரக்டர் டேவிட் ஃபிஞ்சரின் தந்தை ஜாக் ஃபிஞ்சர். அவர் 2003இலேயே காலமானார். பதினேழாண்டுகள் கழித்து, தந்தையின் பெயரொன்றையே கதாசிரியர் பெயராகத் திரையிற் பொறித்து மகன் இப்படத்தை வெளியிட்டார். எழுத்தாளனை உயர்த்தும் படத்தில் எழுத்தாளராகிய தந்தைக்கு மகன் செய்த சிறப்பு என் நெஞ்சை உருக்கியது. ஆயினும் அன்பு வேறு, சான்று வேறு.

இலக்கியம் பயிலும் நமக்கு இதிலொரு பாடமுண்டு. பாடலொன்றை ஒரு புலவர் தலையில் ஏற்றுவதும், மற்றொருவரிடமிருந்து பறிப்பதும் ஆராய்ச்சியுலகில் நாளும் நிகழ்வன. நமக்கு உவப்பானவருக்கு நல்கும் புகழை வேறொருவர் பங்கிலிருந்து எடுத்து நல்குதல் ஆகாது. 'சிட்டிசன் கேன்' திரையில் இன்றும் இரு பெயர்கள் ஒருங்கே நிற்கின்றன. வழக்கும் பூசலும் மலிந்த அக்காலத்திலேயே இருவரும் ஏற்ற அத்தீர்ப்பே, பின்னர் எழுந்த வாதங்கள் அனைத்தினும் நேரியது என்பது என் துணிபு.