இரவு வேலையில் கேட்ட பாடல்கள்

எமது நெஞ்சுக்கு நெருக்கமான பாடல்கள் எவை என்று வாசகி ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். சீர்காழி கோவிந்தராஜனையோ மகாராஜபுரம் சந்தானத்தையோ நாம் குறிப்பிடுவோம் என அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவர்களும் எமக்கு உவப்பானவர்களே. ஆயினும் இந்நாட்டுக்கு வந்தபின் எம்மைத் தாங்கிப் பிடித்த பாடல்கள் வேறு. அவை அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சோல்' பாடல்கள். சோல் என்றால் ஆன்மா.

இதை வாசித்து முகஞ்சுழிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க.

1998ஆம் ஆண்டு கனடாவுக்கு வந்த நாம், ஸ்காபரோவிலுள்ள ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலைக்குச் சேர்ந்தோம். ஊரில் ஏழாண்டுகள் தமிழும் வரலாறும் படிப்பித்த நாம், இங்கே போத்தல் மூடிகளை எண்ணிப் பெட்டிகளில் அடுக்கினோம். எமக்கு எதிரே நின்று வேலை செய்தவர் அறுபதை அண்மித்த ஒரு கறுப்பினப் பெரியவர். டெற்றொயிற்றில் பிறந்து, ஆற்றுக்கு இப்பால் விண்சரில் மணமுடித்து, கனடாவிலேயே தங்கிவிட்டவர். முதல் இரு வாரங்கள் நாம் அவருடன் முகங்கொடுத்துப் பேசவில்லை. காரணத்தை மறைப்பதில் பயனில்லை. எம்மவர் வீடுகளில் அம்மக்களைக் குறிக்க வழங்கும் அந்த இழிசொல்லும், அதனோடு சேர்த்துச் சொல்லப்படும் எச்சரிக்கைகளும் எமது செவியிலும் ஏறியிருந்தன. நாம் பட்டதாரி, ஆசிரியர், இனத்தின் பெயரால் பிறந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டவர். இவற்றுள் ஒன்றாவது எம்மைத் தடுத்ததா என்றால், இல்லை.

அங்கு மேற்பார்வையாளர் எம்மை விரல் சொடுக்கி அழைப்பது வழக்கம். எமது பெயர் அவர் வாய்க்கு நீளமாம். நாம் ஆசிரியராக இருந்ததை அறிந்த நாள் முதலாகப் பெரியவர் எம்மை 'ரீச்சர்' என்றே அழைக்கலானார். அதுவும் மேற்பார்வையாளரின் காதில் விழும்படி உரத்து அழைப்பார். எமதூரில் அது பெண் ஆசிரியர்களை விளிக்கும் சொல். நாம் திருத்தவில்லை. அன்றிரவு அவர் தமது சிறிய ஒலிநாடாக் கருவியில் போட்ட பாடல் அறீதா பிராங்ளின் 1967இல் பாடிய 'றெஸ்பெக்ற்'. மரியாதை என்று பொருள். அதை எழுதி 1965இல் முதலில் பாடியவர் ஓடிஸ் றெடிங். உழைத்துவிட்டு வீடு திரும்பும் ஆண், மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டாக இருந்ததை, பெண் கேட்கும் பாட்டாக மாற்றினார் அறீதா. அச்சொல்லைப் பாலர் வகுப்பில் கூட்டுவது போல எழுத்தெழுத்தாகச் சொல்லி அவர் பாடும்போது, எமது கை ஒரு கணம் வேலையை மறந்து நின்றது.

இந்த இசை கோயிலில் பிறந்தது. அறீதா, டெற்றொயிற்றில் ஒரு போதகரின் மகளாக வளர்ந்து தேவாலயத்தில் பாடப் பழகியவர். சாம் குக் பல ஆண்டுகள் பக்திப் பாடற் குழுவொன்றில் முன்பாட்டுக்காரராக இருந்துவிட்டு 1957 அளவில் உலகியற் பாடல்களுக்கு வந்தவர். ஆண்டவனை அழைத்த அதே குரலில் காதலையும் பிரிவையும் பாடத் தொடங்கியபோது பக்தர்கள் பலர் சினந்தனர். ஓதுவார் ஒருவர் தேவாரப் பண்ணில் கூத்து மேடையேறிக் காதற்பாட்டுப் பாடினால் எமது பெரியவர்கள் என்ன சொல்லியிருப்பர்? அதையேதான் அவர்களும் சொன்னார்கள்.

சாம் குக்கின் கதையை நாம் அறிந்தது, வாடகைக்கு வீடு தேடி அலைந்த காலத்தில். தொலைபேசியில் 'வீடு இருக்கிறது, வாருங்கள்' என்றவர், வாசலில் எமது முகத்தைக் கண்டதும் 'இப்போதுதான் கொடுத்துவிட்டோம்' என்றார். இவ்வனுபவம் வாசகர் பலருக்கும் புதிதன்று. பெரியவரிடம் சொன்னோம். 1963ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்தில் சிறீவ்போட் நகரில், முன்கூட்டியே தொலைபேசியில் அறை பதிவு செய்திருந்த சாம் குக்கையும் மனைவியையும் ஒரு விடுதி ஏற்க மறுத்தது. எதிர்த்துக் கேட்டவரைப் பொலிசார் கைது செய்தனர் என்றார் அவர். மாற்றம் வரும் என்று சாம் குக் பாடிய பாடல் 1964 ஜனவரியில் ஒலிப்பதிவானது. அவ்வாண்டு டிசெம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பாடல் தனி இசைத்தட்டாக வெளிவந்தது அதன் பின்னரே.

ஆயினும் எமக்கு மிக நெருக்கமானவர் பில் விதர்ஸ். மேற்கு வேர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கச் சிற்றூர் ஒன்றில் 1938இல் பிறந்தவர். திக்குவாயர். ஒன்பதாண்டுகள் கடற்படையில் இருந்துவிட்டு, விமானங்களுக்கு மலகூட இருக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1971இல் முதல் இசைத்தட்டு வந்தபோதும் வேலையை உடனே விடவில்லை. பாட்டை நம்பிச் சோற்றை விட முடியுமா? அதன் அட்டைப்படத்தில் கையில் மதிய உணவுப் பெட்டியுடன் நிற்கிறார். அதிலுள்ள ஒரு பிரிவுப் பாடலில் ஒரே சிறு சொற்றொடர் இருபத்தாறு தடவை திரும்பத் திரும்ப வரும். அவ்விடத்துக்குச் சொற்கள் எழுத எண்ணியிருந்தாராம். உடனிருந்த வாத்தியக்காரர்கள் அப்படியே விடும்படி சொன்னார்களாம். எமதூர்ச் செத்தவீட்டில் ஆச்சிமார் 'என்ரை ராசா, என்ரை ராசா' என்று அதே சொல்லிலே நிற்பதைக் கேட்டவர்களுக்கு இது விளங்கும்.

2000ஆம் ஆண்டு மாசி மாதம் எமது தாயார் வடமராட்சியில் காலமானார். கொழும்பிலிருந்த உறவினர் தொலைபேசியில் சொன்னபோது இரண்டு நாள் கடந்திருந்தது. கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் நாம். எமது அகதி வழக்கோ முடியவில்லை. சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தானாம். அன்றிரவும் வேலைக்குப் போனோம். ஒருவரிடமும் சொல்லவில்லை. பெட்டிகளைப் பிழையாக எண்ணினோம். பெரியவர் எம்மைப் பார்த்துவிட்டு, 'ரீச்சர், யார்?' என்று மட்டும் கேட்டார். 'அம்மா' என்றோம்.

அவர் எமது பக்கத்துப் பெட்டிகளையும் தமது பக்கம் இழுத்துக்கொண்டார். பின்பு விதர்ஸின் அதே இசைத்தட்டின் ஒலிநாடாவைப் போட்டார். அதில் ஒரு பாட்டு, பாட்டியின் கைகளைப் பற்றியது. கோயிலில் தாளம் தட்டிய கைகள், விழுந்த பிள்ளையைத் தூக்கிய கைகள் என்று கைகளையே பாடுகிறார். எமது தாயார் ஓலைப்பெட்டி இழைப்பவர். குருத்தோலை கீறிய தழும்புகள் விரல்களில் எந்நாளும் இருக்கும். கையில் இரண்டு சோடிக் காப்பு. எமது பயண முகவருக்குக் கொடுக்க அவை விற்கப்பட்டன. புறப்பட்ட அதிகாலையில் எமக்குத் திருநீறு பூசியது காப்பில்லாத கை. காப்புச் சத்தம் கேட்காமலே அந்தக் கை நெற்றிக்கு வந்ததை, அன்று அந்த மேசையருகில்தான் நாம் நினைத்து அழுதோம்.

ஓய்வுபெற்றபோது அவர் அந்த ஒலிநாடாவை எமக்குத் தந்து போனார். 2020இல் விதர்ஸ் மறைந்த செய்தி வந்த அன்று தேடி எடுத்தோம். நாடா இழுபட்டுக் குரல் முனகியது. இங்கு பிறந்த எமது மகள் தன் கைத்தொலைபேசியில் அதே பாட்டைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டு, 'அப்பா, இந்தப் பாட்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?' என்றாள். முதலில் காப்புக் கதையைச் சொன்னோம். பிறகு, முதல் இரு வாரங்கள் அவருடன் பேசாதிருந்ததையும் சொன்னோம்.

வாசகர்கள் தத்தமது பாடலை எழுதி அனுப்புவார்களாக. எம்மொழியாயினும் நன்று, யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் மறவாது குறிப்பிடுக.